விட்டு விட்டு வரும் குளிர்

வாகன ஏசி சிறிது நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு வெறும் காற்றை வீசி, ஓட்டுநர் ஒன்றும் செய்யாமலே மறுபடி குளிரத் தொடங்குவது ஒரே ஒரு பழுது அல்ல. இயந்திரத்தின் வெவ்வேறு இடங்களில் பிறக்கும் ஏழெட்டுப் பழுதுகள் வண்டிக்குள் இருப்பவருக்கு ஒரே மாதிரித் தெரிகின்றன. ஏசி அடியோடு நின்றுவிட்டால் கண்டுபிடிப்பது எளிது. கெட்ட உறுப்பு கெட்டபடியே பட்டறைக்கு வந்து சேரும். விட்டு விட்டுக் குளிரும் வண்டியோ, பட்டறை நிழலில் நிறுத்தி அழுத்தம் காட்டும் கேஜை மாட்டியதும் ஒழுங்காக வேலை செய்யும். அழுத்தம் சரி, கம்ப்ரஸர் சரி, குளிரும் சரி. அந்த நிலையில் பெரும்பாலும் நடப்பது கொஞ்சம் கேஸ் போட்டு அனுப்பிவைப்பது. பழுதும் வண்டியோடு ஊர் திரும்பும். குளிர் எப்போது போகிறது, போகும் நேரத்தில் காற்றின் வேகம் எப்படி இருக்கிறது, எவ்வளவு நேரத்தில் எதனால் திரும்புகிறது என்ற மூன்று விவரங்களும்தான் இந்தப் பழுதில் முதல் சான்று. அவை வண்டி ஓட்டுபவரிடமே இருக்கின்றன, கேஜில் இல்லை.

காவிரியின் வடகரையில் உள்ள தொட்டியத்திலிருந்து திருச்சிக்குப் போகும் சாலை இந்த மூன்றையும் சோதித்துப் பார்க்கவே போட்டது போன்றது. முசிறி, குணசீலம், நொச்சியம் வழியாக ஏறத்தாழ 55 கிலோமீட்டர். வாழைத் தோப்பும் கோரை வயலும் நெல்லும் மாறி மாறி வரும் நீளத்தில் வண்டி சீரான வேகத்தில் ஓடும். நம்பர் ஒன் டோல்கேட்டைத் தொட்டதும் அந்த வேகம் போய்விடும். கொள்ளிடத்தைத் தாண்டி, திருவானைக்காவல், மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சத்திரம் பேருந்து நிலையம் வரை நின்று நின்றுதான் நகர முடியும். வேகம், நெரிசல், குலுங்கல், நீண்ட நேர ஓட்டம், உச்சி வெயில் என எல்லாம் ஒரே பயணத்தில் கிடைத்துவிடுகின்றன. வெயிலுக்கு இங்கே குறைவில்லை. 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்கள் என்று கோடையில் செய்தித்தாள்கள் போடும் பட்டியலில் திருச்சியும் பக்கத்துக் கரூர் பரமத்தியும் வழக்கமாக இருக்கும்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி எடுத்து வெளியே கொட்டுகிறது. வாரி எடுக்கும் பாத்திரம்தான் பட்டறை மொழியில் கேஸ் எனப்படும் குளிர்பொருள். இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ. இது சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் எந்தத் திரவமும் சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத்துணி சுற்றிய மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இந்தக் கணக்கில்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் தாழ்ந்த அழுத்தத்தில் கொதித்து, புளோயர் தள்ளும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை உறிஞ்சி, அழுத்தி, சூடேற்றி, வண்டியின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு ஆவி மறுபடி திரவமாகிறது. வழியில் டிரையர் அதிலுள்ள ஈரத்தையும் தூசியையும் பிடித்துக்கொள்ள, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளை வழியே பீறிட்டு, அழுத்தம் சரிந்து, திரவம் மீண்டும் கூலிங் காயிலுக்கு வருகிறது.

ஒரு சிறிய காரில் இருக்கும் கேஸ் அரைக்கிலோவுக்கும் குறைவு. 450 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு ஒரு டன் ஏசிக்கு இணையான வெப்பத்தை, அதாவது சுமார் 3.5 கிலோவாட்டை, வெளியேற்ற வேண்டுமானால் வினாடிக்கு 25 முதல் 30 கிராம் கேஸ் சுற்றியாக வேண்டும். அப்படியென்றால் உள்ளே இருக்கும் மொத்தக் கேஸும் ஏறத்தாழ கால் நிமிடத்துக்கு ஒருமுறை முழுச் சுற்று வந்துவிடுகிறது. சுற்று எந்த இடத்தில் அறுந்தாலும் குளிர் உடனே போவதற்கும், அறுந்தது இணைந்தால் உடனே திரும்புவதற்கும் இந்த வேகமே காரணம்.

குளிர் போனதும் முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரஸர் சுழல்கிறதா என்பது. இன்ஜின் ஓடும்வரை பெல்ட் மாட்டிய புல்லி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கவனிக்க வேண்டியது அதன் நடுவே உள்ள தட்டை. கிளட்ச் பிடித்திருந்தால் தட்டும் சேர்ந்து சுழலும். விட்டிருந்தால் அசையாமல் நிற்கும். எட்ட நின்று பார்த்தாலே தெரியும். கண்டென்சர் ஃபேன் எந்த நொடியிலும் தானாக ஓடத் தொடங்கலாம் என்பதால் துண்டோ துப்பட்டாவோ தொங்கவிட்டுக்கொண்டு பானட்டுக்குள் குனியக் கூடாது. தட்டு நின்றிருந்தால், ஏதோ ஒன்று கம்ப்ரஸரை நிறுத்தியிருக்கிறது. அந்த ஏதோ ஒன்று பழுதாகவும் இருக்கலாம், பாதுகாப்பு ஏற்பாடாகவும் இருக்கலாம். தட்டு சுழன்றும் குளிர் இல்லையென்றால் கேஸ் ஓட்டத்திலோ காற்றோட்டத்திலோ தடை. புதிய சில கார்களில் கிளட்சே கிடையாது. கம்ப்ரஸர் எப்போதும் சுழலும், உள்ளே உள்ள கட்டுப்பாட்டு வால்வு அதன் கொள்ளளவைக் கூட்டிக் குறைக்கும். அங்கே தட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, கணினிக் கருவியை மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

தொட்டியத்திலிருந்து டோல்கேட் வரை பனிபோலக் குளிர்ந்த கார் மாம்பழச்சாலை நெரிசலில் சூடான காற்றை வீசினால், பழுது கிட்டத்தட்ட கையில் கிடைத்த மாதிரி. கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. எண்பதில் ஓடும் வண்டிக்கு ஃபேன் தேவையில்லை. எதிர்க்காற்றே வெப்பத்தை அடித்துக்கொண்டு போய்விடும். நின்ற வண்டிக்கு ஃபேனை விட்டால் கதியில்லை. வெளியே 38 டிகிரி வெயில் என்றால் கேஸ் 58 டிகிரி அளவில் திரவமாகும். அதற்கு ஏறத்தாழ 16 பார் அழுத்தம் வேண்டும். ஃபேன் ஓடாமல் கண்டென்சர் 80 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் 26 பாரைத் தாண்டும். இன்னும் கொஞ்சம் ஏறி 30 பாரை நெருங்கியதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும், இல்லையென்றால் குழாய் வெடிக்கும். நெரிசல் விலகி வண்டி ஓடத் தொடங்கினால் கண்டென்சர் ஆறி, சுவிட்ச் விட்டு, குளிர் தானாக வரும். ஓட்டுநருக்கு அது மாயம் போலத் தோன்றும்.

ஃபேன் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. ஒரு தட்டுத் தட்டினால் ஓடத் தொடங்கும் மோட்டார் அதிக நாள் தாங்காது. ரிலேயோ பியூஸோ போயிருக்கலாம். இரண்டு வேகம் உள்ள ஃபேனில் அதிவேகம் மட்டும் செத்திருக்கலாம். அப்படியானால் மாலையில் பழுது தெரியாது, மதியம் மட்டும் தெரியும். ஃபேன் நன்றாக ஓடியும் இதே அறிகுறி வந்தால் கண்டென்சரின் இதழ்கள் அடைபட்டிருக்கும். இந்த வட்டாரத்தில் அதற்குப் பொருள் நிறைய. சாலையோரம் காயும் கோரையின் தூசி, அறுவடைக் காலத்து வைக்கோல் துகள், இருட்டும் நேரத்தில் வயலிலிருந்து விளக்கு வெளிச்சத்துக்கு வந்து மோதும் பூச்சிகள், ஆடிக் காற்றில் பறக்கும் ஆற்றுமணல். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரல் அகல இடைவெளியில்தான் இவை மெத்தை போலப் படியும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். தண்ணீரை மெதுவான அழுத்தத்தில், முடிந்தால் பின்னாலிருந்து முன்னால் வரும்படி அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை முழு வேகத்தில் பிடித்தால் இதழ்கள் மடிந்து, அடைப்பு நிரந்தரமாகிவிடும். பங்குனியில் மதுரகாளியம்மன் தேரைத் தோளில் சுமந்து வரும் நாட்களில் தொட்டியத்துக்குள் கார்கள் நடைவேகத்தில்தான் நகர முடியும். அரைகுறையாக ஓடும் ஃபேன் அன்றைக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு நேர்மாறான நடத்தையும் உண்டு. நிற்கும்போது ஓரளவு குளிர்கிறது, வேகம் எடுத்தால் போகிறது. கம்ப்ரஸர் சில வினாடிகளுக்கு ஒருமுறை டக்கென்று பிடித்து டக்கென்று விடுகிறது. இதுதான் உண்மையிலேயே கேஸ் குறைந்த வண்டி. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கம்ப்ரஸரும் வேகமாக உறிஞ்சும். உறிஞ்ச உள்ளே போதிய கேஸ் இல்லாததால் அழுத்தம் 2 பார் அளவுக்குச் சரியும். தாழ்வழுத்தப் பாதுகாப்பு கம்ப்ரஸரை நிறுத்தும். நின்றதும் அழுத்தம் ஏறும், மறுபடி பிடிக்கும், மறுபடி சரியும். இந்தப் பாதுகாப்பு வெறும் கேஸுக்காக வைத்தது அல்ல. கம்ப்ரஸருக்குள் உராய்வைத் தடுக்கும் எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றுகிறது. கேஸ் போனால் எண்ணெயும் திரும்பி வராது, கம்ப்ரஸர் இறுகிப்போகும். இப்படித் துடிக்கும் வண்டியில் சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்து ஓடவிடுவது ஊர்ப்புறத்தில் காணக்கிடைக்கும் வைத்தியம். நோயைவிட வைத்தியம் கேடானது.

அரைமணி நேரம் அருமையாகக் குளிர்ந்த பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்து, புளோயர் இரைச்சல் மட்டும் அப்படியே இருந்து, குணசீலம் தாண்டுவதற்குள் ஒன்றுமே வராமல் போவது வேறு கதை. கூலிங் காயிலில் ஐஸ் பிடித்திருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி, வண்டிக்கு அடியில் ஒரு சிறு குழாய் வழியே சொட்டும்; புழுக்கமான நாளில் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட வரும். ஆற்றங்கரையும் நீர் பாயும் தோப்பும் சூழ்ந்த பகுதியில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. காயிலின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கினால் அந்த நீர் சொட்டாமல் உறைந்து, இதழ்களின் இடைவெளியை அடைத்துவிடும். காற்று உள்ளே புக வழியில்லை. காற்று குறைந்தால் காயிலுக்கு வெப்பம் வராது, வெப்பம் வராவிட்டால் அது இன்னும் குளிரும், இன்னும் உறையும். தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் பழுது இது. கம்ப்ரஸர் இந்நேரம் முழுக்க நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதுதான் அடையாளம். டீக்கடையில் கால்மணி நேரம் நிறுத்திவிட்டுக் கிளம்பினால் மறுபடி முதல் நிமிடம் போலக் குளிரும். வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிடப் பெரிய ஈரத்திட்டு கிடக்கும்.

இப்படி உறையாமல் பார்த்துக்கொள்ள காயிலின் இதழ்களுக்கிடையே ஓர் உணரி செருகியிருக்கும். வெப்பம் குறையக் குறைய மின்தடை கூடும் சிறு மணி அது. காயில் 1 முதல் 3 டிகிரிக்கு இறங்கினால் கம்ப்ரஸரை நிறுத்து, 4 அல்லது 5 டிகிரிக்கு ஏறினால் ஓட்டு என்று அதன் செய்தி. அந்த மணி தன் இடத்திலிருந்து நழுவி வெளியே தொங்கினாலோ, தடையின் அளவு மாறிப்போனாலோ, காயில் உறைந்துகொண்டிருக்கும்போதும் வெப்பம் இருப்பதாகவே சொல்லும். அதைவிட எளிய காரணம் கேபின் ஃபில்டர். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தாள் வடிகட்டியை வண்டி வாங்கிய நாளிலிருந்து திறந்தே பார்க்காதவர்கள் பலர். செம்மண்ணும் கோரைத் தூசியும் ஏறிய ஃபில்டர் காற்றைப் பாதியாக்கும்; மீதியை ஐஸ் பார்த்துக்கொள்ளும். சாலையில் இருக்கும்போது தற்காலிக மருந்து ஒன்றுதான்: ஏசி பொத்தானை மட்டும் அணைத்து, புளோயரை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட விடுவது.

ஐஸ் வேறொரு இடத்திலும் பிடிக்கும். அங்கே பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது. கேஸ் சுற்றுக்குள் ஈரம் புகுந்திருந்தால், எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் அழுத்தம் சரியும் இடத்தில் அது உறைந்து, குண்டூசித் தலையளவு ஐஸே முழு ஓட்டத்தையும் அடைத்துவிடும். அப்போதும் குளிர் போகும், ஆனால் காற்று வேகம் குறையாது. சூடான காற்று அதே வேகத்தில் வரும். கேஜ் மாட்டியிருந்தால் தாழ்வழுத்தப் பக்க முள் சுழியத்தையும் தாண்டி வெற்றிடத்துக்குப் போவதைப் பார்க்கலாம். சில நிமிடங்களில் இன்ஜின் சூட்டில் அந்தத் துளி உருகும், ஓட்டம் திறக்கும், குளிர் திரும்பும். பத்து நிமிடம் கழித்து மீண்டும் அடைக்கும். காயிலில் பிடித்த ஐஸா, வால்வில் பிடித்த ஐஸா என்று பிரித்துச் சொல்வது காற்றின் வேகம் ஒன்றே. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல உணரியை மாற்றியவர்கள் உண்டு.

ஈரம் உள்ளே வருவது பெரும்பாலும் பழைய பழுதுபார்ப்பின் விளைவு. சுற்றைத் திறந்த பிறகு வேக்கம் போடாமல் கேஸ் நிரப்பினால் அறைக் காற்றும் அதன் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். கம்ப்ரஸர் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. மூடி திறந்து நாள்கணக்கில் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றினால் தண்ணீரையும் சேர்த்து ஊற்றியதாகும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். வேக்கம் பம்பு அரைமணி நேரமாவது ஓடுவதன் பொருள் இதுதான்: காற்றை உறிஞ்சுவதோடு உள்ளே ஒளிந்த நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக வெளியேற்றுவது. இரண்டு நிமிடம் பம்பை ஓட்டிவிட்டு முள் இறங்கிவிட்டது என்று நிறுத்துவதில் பயனில்லை. சுற்றைத் திறந்தால் டிரையரையும் மாற்றிவிட வேண்டும். ஒருமுறை ஈரம் குடித்து நிறைந்த டிரையர் மறுபடி குடிக்காது.

காலையில் தொட்டியத்திலிருந்து கிளம்பும்போது குளிர்கிறது, திரும்பும்போது நடு மதியத்தில் நின்றுவிடுகிறது, இரவில் மறுபடி குளிர்கிறது. ஃபேனும் ஓடுகிறது, காற்றும் நன்றாக வருகிறது என்றால் சந்தேகம் கம்ப்ரஸர் கிளட்ச் மேல் விழ வேண்டும். கிளட்ச் என்பது ஒரு மின்காந்தம். 12 வோல்ட் மின்சாரம் அதன் கம்பிச் சுருளான காயிலில் பாயும்போது அது எதிரே உள்ள தட்டை இழுத்து புல்லியோடு ஒட்டவைக்கிறது. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவில்தான் இடைவெளி. ஆண்டுக்கணக்கில் ஒட்டி ஒட்டி விடுவதில் இரு முகங்களும் தேய்ந்து இடைவெளி அகலும். இடைவெளி கூடக் கூட காந்தத்தின் பிடி வேகமாகக் குறையும். இதோடு வெப்பம் சேர்கிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுகிறது. 25 டிகிரியில் 3.6 ஓம் இருக்கும் காயில், மதிய நெரிசலில் இன்ஜின் அறையின் 110 டிகிரி சூட்டில் 4.8 ஓம் ஆகிவிடும். 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் பாய்ந்த இடத்தில் 2.5 ஆம்பியர்தான் பாயும். இழுவிசை மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது பாதியை ஒட்டி இறங்கிவிடுகிறது. புதிய கிளட்ச் அதையும் தாங்கும். தேய்ந்த கிளட்ச் காலையில் பிடித்து மதியம் கைவிடுகிறது.

பழுது இதுதானா என்று அறிய வழி எளிது. குளிர் நின்றிருக்கும்போதே காயிலின் முனையில் மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வோல்ட் முழுதாக வந்தும் தட்டு பிடிக்கவில்லை என்றால் கிளட்ச்தான். பல கம்ப்ரஸர்களில் தட்டுக்குப் பின்னால் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் இடைவெளி பழைய அளவுக்கு வந்துவிடும். கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லும் பில்லுக்கும் ஒரு வாஷரைக் கழற்றும் கூலிக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு சோதனை. 1940 மாடலாக வந்த அமெரிக்கப் பேக்கார்ட் கார்தான் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்கப்பட்ட முதல் கார் எனப்படுகிறது. அதில் கிளட்சே கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். அந்த வகையில் கிளட்ச் என்ற உறுப்பின் பிறப்பே ‘விட்டு விட்டு ஓடு’ என்பதற்காகத்தான்.

கிளட்ச் காயிலுக்கு மின்சாரமே வரவில்லையென்றால் தேடல் பின்னோக்கிப் போக வேண்டும்: ரிலே, பியூஸ், பிரஷர் சுவிட்ச், எர்த் கம்பி, கட்டுப்பாட்டுக் கணினி. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் குளிர் போய் வந்தால் கணினியைத் தொட வேண்டியதில்லை. எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஒரே மாதிரியான ரிலே ஹாரனுக்கோ விளக்குக்கோ இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாச் சோதனை. தோப்பு வீடுகளில் கொட்டகைக்குக் கீழே நிற்கும் கார்களில் எலி வயரைக் கடிப்பது சாதாரணம். அது முழுதாகக் கடித்துத் துண்டித்தால் உடனே தெரிந்துவிடும். தோலை மட்டும் உரித்து இரண்டு மூன்று இழைகளை விட்டுவைத்த வயர்தான் மாதக்கணக்கில் அலைக்கழிக்கும்.

சில நேரம் பழுதே இருக்காது. மேட்டில் முழு ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது கணினி சில வினாடிகள் கம்ப்ரஸரை விட்டுவிடும், இன்ஜினின் வலு முழுவதும் சக்கரத்துக்குப் போகட்டும் என்று. கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சிறிய காரில் இதை உணரலாம். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் கணினி முதலில் கழற்றிவிடுவது ஏசியைத்தான். அப்போது ஏசியைப் பழுதுபார்ப்பதைவிட கூலன்ட் மட்டத்தையும் தெர்மோஸ்டாட்டையும் பார்ப்பது அவசரம். வேறு சில நேரம் பழுது கேஸ் சுற்றிலேயே இருக்காது: ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து மறுபக்கம் சுடுவதும், டேஷ்போர்டுக்குள் கடகடவென்ற ஓசையும் இருந்தால் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் மடிப்புக் கதவின் சிறு மோட்டாரில் பல் உடைந்திருக்கும்.

‘கேஸ் போட்டுவிடலாம்’ என்ற பதிலுக்குத் திரும்ப வேண்டும். கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய சுற்றில் அதே 450 கிராம்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. ரப்பர் குழாயிலும் கம்ப்ரஸர் அச்சின் சீலிலும் கொஞ்சம் கசிவது இயல்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி ஒரு கூலிங் காயில் உள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 40 கிராம் கசிவைத்தான் அனுமதிக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஸ் கேட்கும் வண்டியில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓ-ரிங், கேஸ் ஏற்றும் வால்வின் ஊசி, கல் பட்ட கண்டென்சர் ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். கேஸ் போகும் இடத்தில் எண்ணெயும் வரும் என்பதால், பிசுபிசுப்பாகத் தூசி ஒட்டிய மூட்டு பாதி வேலையை முடித்துவிடும். மீதிக்குச் சோப்பு நுரையும், புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயமும் இருக்கின்றன.

கேஸின் அளவைக் கேஜில் பார்த்துச் சொல்வதிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. இன்ஜின் ஓடாத நிலையில் சுற்றுக்குள் திரவம் ஒரு சொட்டாவது மிச்சமிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே, அளவு அல்ல. 35 டிகிரி நிழலில் நிற்கும் காரில் 450 கிராம் இருந்தாலும் பாதிதான் இருந்தாலும் முள் ஏறத்தாழ 114 பிஎஸ்ஐ காட்டும். சமையல் எரிவாயு உருளையில் முக்கால் பங்கு தீர்ந்த பிறகும் அடுப்பு முதல் நாள் போலவே எரிவது இதனால்தான். உருளையில் எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போட வேண்டும், காரிலும் அப்படியே. உள்ளதை எல்லாம் மீட்புக் கருவியால் வெளியே எடுத்து எடைபோட்டு, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள கிராம் கணக்குக்கு மறுபடி நிரப்புவதே சரியான முறை. குத்துமதிப்பாகக் கூடுதலாக ஏற்றினால் கண்டென்சரின் ஒரு பகுதி திரவத்தால் நிரம்பி, ஆவி குளிர இடமில்லாமல் அழுத்தம் ஏறி, நெரிசலில் நின்றுவிடும் பழைய அறிகுறி புதிதாக வந்து சேரும். கேஸ் குறைவுக்குச் செய்த வைத்தியம் ஃபேன் பழுது போல வேஷம் போடும்.

வெளியே விடப்படும் கேஸுக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஓசோன் படலத்தை அரித்த ஆர்-12 வாயுவை 1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கை படிப்படியாக விலக்கத் தொடங்கிய பிறகுதான் ஆர்-134ஏ வந்தது. ஓசோனை இது தொடுவதில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 1,430 மடங்கு வலுவானது. ஒரு காரின் 450 கிராமைக் காற்றில் திறந்துவிட்டால் ஏறத்தாழ 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் நாலாயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓடி வெளிவிடும் அளவு. இத்தகைய வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றிருக்கிறது. ஆர்-1234ஒய்எஃப் என்ற மாற்று வாயு வெளிநாட்டுக் கார்களில் பரவலாக வந்துவிட்டது. அதன் சூடாக்கும் வலு மிகச் சொற்பம், ஆனால் எளிதில் எரியாவிட்டாலும் எரியக்கூடியது, விலையும் அதிகம். இரண்டையும் ஒரே சுற்றில் கலக்கக் கூடாது.

தொட்டியம் வழியே நாமக்கல்லுக்கும் திருச்சிக்கும் ஓடும் லாரிகளுக்கும் இந்தப் பிரச்சினைகள் இப்போது வந்து சேர்கின்றன. 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் கேபினில் ஏசி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்த விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது. லாரியில் மின்சாரம் 24 வோல்ட், கேபின் கண்ணாடி பெரிது, ஓட்டம் நீண்டது, தூசி இரட்டிப்பு. கூலிங் காயிலில் ஐஸ் பிடிப்பதும் கண்டென்சர் அடைபடுவதும் காரைவிட இங்கே விரைவாக நடக்கும். குறைந்த வேகத்தில் முக்கி ஏறும் லாரியின் முகப்புக்கு எதிர்க்காற்று கிடைப்பதும் குறைவு.

பயணிக்குப் புழுக்கம் என்பதோடு முடிந்துவிடும் இந்தப் பழுது, குளிர்பதன வண்டியில் ஏறும் வாழைக்காய்க்கு அப்படி முடியாது. பச்சை வாழை 13 முதல் 14 டிகிரியில் பயணிக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் கறுத்து ஒழுங்காகப் பழுக்காது. மேலே போனால் தார் தானே மூச்சுவிட்டுச் சூடேறி வழியிலேயே பழுக்கத் தொடங்கும். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் திருச்சியில் இருப்பதற்கு இந்தக் கரையோரத் தோப்புகளும் ஒரு நியாயம். குளிர்பதன வண்டியின் இயந்திரம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே நின்று, காயிலின் ஐஸை உருக்கிவிட்டுத் திரும்ப ஓடும். அந்த இடைவேளையைப் பழுதென்று நினைத்து அணைப்பவர்களும், உண்மையான பழுதை இடைவேளை என்று நினைத்து விட்டுவிடுபவர்களும் உண்டு. நேரத்தைக் குறித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: இடைவேளை கடிகாரப்படி வரும், பழுது வெயில்படியும் சாலைப்படியும் வரும்.

பழுது நீங்கியதா என்று பார்ப்பதற்கும் அதே விதிதான். ஃபேன் மாற்றிய காரைப் பட்டறை வாசலில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பதால் தெரிவது கொஞ்சமே. நடுக்காற்றுத் துளையில் ஒரு சாதாரண வெப்பமானியைச் செருகி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, எந்த நேரத்தில் எந்த இடத்தில் குளிர் போனதோ அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போக வேண்டும். ஐஸ் பிடிக்கும் வண்டிக்கு ஒரு மணி நேரம் நிற்காத ஓட்டம். கிளட்ச் பழுதுக்குச் சூடான இன்ஜினும் மதியமும். ஃபேன் பழுதுக்கு மாம்பழச்சாலையில் சிவப்பு விளக்கு. வேகச் சாலையில் 7 அல்லது 8 டிகிரி காட்டும் வெப்பமானி அந்த விளக்கடியில் மூன்று நான்கு டிகிரி ஏறுவது இயல்பு. பத்துப் பதினைந்து டிகிரி ஏறினால் வண்டியைப் பட்டறைக்கே திருப்ப வேண்டியதுதான்.